ஓட்டை இல்லாத தவலை

எங்கள் சமையலறை மூலையில் ஒரு பித்தளைத் தவலை இருக்கிறது. மனைவியின் சீரில் வந்தது. அதன் வயிற்றில் ஐந்து நெளிவுகள்; மூன்று ஒரு பக்கம், இரண்டு கழுத்துக்குக் கீழே. பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. ஒவ்வொரு நெளிவிலும் விரல் நிற்கும். எண்ணிக்கை மாறுவதில்லை.

நாற்பத்து மூன்று வருடங்களுக்கு முன், சதுரங்கப்பட்டினம் கோட்டையில் ஒரு சிரிப்புப் படம் எடுத்தார்கள். என் மனைவியின் தம்பி, என் மச்சான், அதில் கூலிக்குப் போனான். கதாநாயகனுக்குப் பதிலாகத் தலையில் பானை மாட்டிக்கொண்டு ஓடிச் சுவரில் மோத வேண்டும். முகம் தெரியாது என்பதால் யாராக இருந்தாலும் சரி. சினிமாக்காரர்கள் கொண்டுவந்த அலுமினியப் பானையில் மூச்சு விட ஓட்டைகள் போட்டு, வாயையும் வெட்டி அகலமாக்கியிருந்தார்கள். மூன்றாம் ஒத்திகையில் அது பிளந்துவிட்டது. நான் ஸ்டோர் கிளார்க். ஒரு பொருள் இல்லையென்றால் இன்னொன்றைச் சொல்லிப் பழகியவன். வேடிக்கை பார்க்கப் போன இடத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை. எங்கள் வீட்டில் ஒரு தவலை இருக்கிறது என்று சொல்லி, சைக்கிளில் போய் எடுத்தும் வந்தேன். ஓட்டையைப் பற்றி நினைக்கவேயில்லை.

தலை இறங்கியது, பிறகு வெளியே வரவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் சுவரில் ஐந்து முறை மோதினான். ஐந்து முறையும் சிரித்தோம். உள்ளேயிருந்து வந்த குரல், பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. "மாமா, மூச்சு முட்டுது. எட்து வுடு மாமா." அதையும் நடிப்பில் சேர்த்துவிட்டேன். என் வழக்கப்படி மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எழுபத்தொன்று எண்ணியபோது அவன் கால் மடிந்தது. தேங்காய் எண்ணெய் ஊற்றித்தான் தவலையை உருவினார்கள்.

அதற்குப் பிறகு அவன் தலைவழியாகப் போடும் எதையும் போடவில்லை, பனியன் உட்பட. செங்கல்பட்டில் படம் வந்தபோது குடும்பமாகப் போனோம். அந்தக் காட்சிக்குச் சற்று முன் எழுந்து வெளியே போய்விட்டான். கூச்சம் என்று கேலி செய்தோம். திரையில் அவன் குரல் இல்லை, மேளம்தான் அடித்தது. அதைப்பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது.

இப்போது அந்தப் படத்தைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். மச்சானின் மகன் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறான், என்னைக் கூட்டிப்போனான். வரிசைக்கு நடுவே இருக்கை. வலப்பக்கம் பதினோரு பேர், இடப்பக்கம் பதிமூன்று. பானைக் காட்சி வந்தபோது எழ நினைத்தேன். இத்தனை முழங்கால்களைத் தாண்ட என்னால் முடியாது. புதிய நடிகர் இருபத்திரண்டு முறை மோதினார். தியேட்டரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

பிறகு விமர்சனங்கள் வந்தன. மச்சான் மகன் ஒவ்வொன்றாக என் போனுக்கு அனுப்பினான். பதினான்கு படித்தேன். பதினொன்றில் அந்தக் காட்சியைச் சொல்லித்தான் புதிய படத்தைக் கிழித்திருந்தார்கள். பழைய படத்தில் பானைக்குள் இருந்தவரின் பதற்றம் எவ்வளவு இயல்பு, அது நடிப்பே அல்ல, வாழ்ந்திருக்கிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவன் வந்து, வீடியோ எடுக்கப் போனை ஸ்டாண்டில் பொருத்தி என் எதிரே வைத்தான். "மாமா, ஊரே அப்பாவப் பத்திப் பேசிகினு கீது. பேருதான் எவனுக்கும் தெர்ல. எப்டி நடிச்சாருன்னு நீ சொல்லு."

தண்ணீர் கேட்டேன். மின்விசிறியைக் குறைக்கச் சொன்னேன். மறந்துவிட்டது என்றேன்.

"நீயா? கோட்டைல எத்தினி படின்னு இன்னும் சொல்லுவ" என்று சிரித்தான். பிறகு எழுந்துபோய்த் தவலையைத் தூக்கிவந்தான். அப்பா மாதிரியே செய்து காட்டுகிறேன் என்று அதைத் தலைக்கு மேல் கவிழ்த்தான். பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம்டா. அதுல ஓட்ட இல்ல."

அதன்பின் நிறுத்த முடியவில்லை. பானை பிளந்தது, சைக்கிளில் போனது, உள்ளேயிருந்து வந்த குரல், எல்லாம் சொன்னேன். உங்கப்பன் நடிக்கவில்லை என்றேன்.

அவன் தவலையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அப்போ நீ இன்னா மாமா பண்ணிகினு இருந்த?"

"எண்ணிகினு இருந்தேன்."

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். ஆறு ஞாயிறு ஆகிவிட்டது, வரவில்லை. என் மனைவியோடு மட்டும் பேசுகிறான். அவளிடம் எதையும் சொன்னதாகத் தெரியவில்லை. விமர்சனம் அனுப்புவதும் நின்றுவிட்டது.

தினமும் மனைவி தவலையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் நிமிர்த்தி வைக்கிறேன்.