அமைச்சரின் பாதி வயல்

வங்கியில் இருந்த காலத்திலேயே அவருக்கு ஊர் வைத்த பெயர் ஜாமீன்காரர். அவர் யாருக்கும் ஜாமீன் போட்டதில்லை. யாரைக் கண்டாலும் ஜாமீன் கேட்பார். மணி என்ன என்று கேட்டால்கூடச் சாட்சிக்கு ஆள் கூட்டி வரச் சொல்வார் என்று கிளையில் ஒரு பேச்சு உண்டு. அவர் கிளையில் மட்டும் பேனா கவுன்டரோடு சணல் கயிற்றால் கட்டப்பட்டிருக்காது, சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் உலகத்தில் நிறைய. இவர் ஆழம் தெரிந்த இடத்திலும் காலை நனைக்காதவர்.

இப்படிப்பட்ட ஒருவரை ஊரில் அதிகம் வைதவரும், அவரைச் சொல்லி அதிகம் பீற்றிக்கொண்டவரும் ஒரே ஆள்தான்: அவருடைய அண்ணன். அப்பா விட்டுப்போன நிலம் நெடுஞ்சாலை ஓரத்தில், பாகம் பிரிக்காமல் கிடந்தது. தம்பி படிக்கப் போனான், அண்ணன் உழப் போனான். தம்பியின் பாதியையும் அண்ணனே உழுது, விளைந்ததை அண்ணனே சாப்பிட்டான். அதனால் தம்பியைத் திட்ட அவனுக்கு அவ்வளவாக நியாயம் இல்லை. நியாயம் இல்லாததாலேயே கொஞ்சம் உரக்கத் திட்டினான்.

தேர்தல் வந்தது. வேலையை விட்டுவிட்டுத் தம்பி நின்றார். பளபளத்த பூட்ஸோடு வரப்பில் ஏறி, "நானும் விவசாயிதான்" என்றார். முதல் கைதட்டல் அண்ணனுடையது. வேட்புமனுவிலும் தொழில் என்ற இடத்தில் அதையே எழுதினார். கட்சிக்காரர்கள் சாலையைப் பார்த்தபடி வயலில் ஒரு தகரப் பலகை நட்டார்கள்: நம் விவசாயி வேட்பாளரின் வயல். ஜெயித்து வேளாண்மை அமைச்சர் ஆனதும், வேட்பாளர் என்பதை அடித்து அமைச்சர் என்று எழுதினார்கள். அந்தத் துறையில் பணக் கசிவு அதிகம், ஒரு வங்கிக்காரரைக் காவலுக்குப் போட்டால் அடைபடும் என்று மேலிடத்தில் கணக்கு. கசிவு அடைபட்டது. பாசனமும் அடைபட்டது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. சாகுபடி முடியும்வரை விவசாயிகளுக்கு இரவலாகத் தண்ணீர் மோட்டார் தர அரசு முன்வந்தது, வாடகை கிடையாது. அமைச்சர் ஒரே ஒரு வரி சேர்த்தார். வாங்குகிறவருக்கு ஒருவர் ஜாமீன் போட வேண்டும். அந்த ஒருவர் விவசாயியாக இருக்கக் கூடாது. முழுகுகிறவனுக்கு முழுகுகிறவன் கைகொடுக்க முடியாது என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் அந்த வட்டாரத்தில் விவசாயி அல்லாதவர் என்று பார்த்தால் பள்ளி வாத்தியார், மருந்துக்கடைக்காரர், முடிதிருத்துகிறவர், மூன்றே பேர். வாத்தியார் பின்வாசல் வழியாகப் பள்ளிக்குப் போகத் தொடங்கினார். மருந்துக்கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியே வைத்தார். முடிதிருத்துகிறவரிடம் போய் உட்கார்ந்தால் பேச்சு முடிவதற்குள் தலை மொட்டையாகிவிடும், கையெழுத்து விழாது.

அண்ணனின் பழைய மோட்டார் புகைந்து நின்றபோது மக்காச்சோளம் பால்பிடிக்கும் பருவம். தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் மணி பிடிக்காமல் சாவியாகிவிடும். குடும்பத்துக்கு வருஷச் சாப்பாடே அதுதான். விண்ணப்பத்தில் ஜாமீன்தாரர் என்ற இடத்தில் தம்பியின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு தலைநகரம் போனான். அமைச்சர் அறையில் மேசைப் பேனாவுக்குச் சங்கிலி போட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே பாதி நம்பிக்கை போயிற்று.

அமைச்சர் தாளைப் படித்தார். திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதையும் படித்தார்.

"அண்ணே, இதுல நான் போட முடியாது. விவசாயிக்கு விவசாயி ஜாமீன் செல்லாது."

"யாருடா விவசாயி?"

"நான்தான். மனுவுலயே எழுதியிருக்கேனே."

"எந்த வயல்ல?"

"நம்ம வயல்ல. பாதி என்னுது இல்லையா?"

அண்ணன் தாளை மடித்துக்கொண்டு எழுந்து வந்தான். கோபத்தில் வராத யோசனை பஸ்ஸில் வந்தது.

பக்கத்து வயல்காரர் இரக்கப்பட்டு, தன் பாய்ச்சல் முடிந்தபின் கொஞ்ச நேரம் தண்ணீரைத் திருப்பிவிட்டார். அதை அண்ணன் தன் பாதிக்கு மட்டும் பாய்ச்சினான். பலகை நின்ற சாலையோரப் பாதியைத் தம்பி பாகம் என்று வைத்து, அதற்குப் போகும் வாய்க்காலை மண்வெட்டியால் அடைத்தான். அவன் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். யார் பாதியானாலும் விளைந்தால் வருவது நம் வீட்டுக்குத்தானே, கொழுந்தனார் மேல் இருக்கிற காட்டத்துக்கு நம் சோற்றில் மண்ணைப் போடுவார்களா என்று கேட்டாள்.

"அது மந்திரி பயிரு. நாம தொடக் கூடாது" என்றான் அவன். பிறகு துணியை நனைத்துக்கொண்டு போய், தகரப் பலகையின் தூசியைத் துடைத்துவிட்டு வந்தான். அவ்வளவு தண்ணீர்தான் அந்தப் பாதிக்குக் கிடைத்தது.

கொஞ்ச நாளில் சாலையில் போகிற வண்டிகள் வேகத்தைக் குறைத்தன. பின்னால் பச்சை, முன்னால் சருகு, சருகின் நடுவே பளிச்சென்று பலகை. பத்திரிகைக்காரன் ஒருவன் இறங்கிப் படம் எடுத்தான். படத்துக்கு விளக்கம் எழுதும் சிரமம் அவனுக்கு இருக்கவில்லை.

பத்திரிகை வந்த அன்றே அமைச்சரின் கார் வந்தது. அவர் தார்ச்சாலையிலேயே நின்றார்.

"அண்ணே, என் பேரைக் கெடுத்துட்டியே. ரெண்டு வாய்க்கால் தண்ணி விட்டா குறைஞ்சா போயிடுவே?"

"விடுறேன்டா. உன் பாதிக்கு நான் இறைக்கணும்னா ஒரு ஜாமீன் கூட்டிட்டு வா." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டான். "விவசாயியா இருக்கக் கூடாது."

கார் ஓட்டுகிறவர் இருமினார். அது இருமல்தான் என்று அவர் பிறகு சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

தம்பியை மேலிடம் வீட்டுக்கு அனுப்பவில்லை, மீன்வளத்துக்கு மாற்றியது. காலை நனைக்காதவருக்குக் கடல். புதிதாக வந்தவர் முதல் வேலையாக அந்த வரியை நீக்கினார், அண்ணனுக்கும் மோட்டார் வந்தது. அதற்குள் சாலையோரப் பாதி மாட்டுக்குப் போய்விட்டது. அந்த வருஷம் வீட்டில் பாதி வயிறுதான். மனைவி அதைச் சொல்லிக் காட்டாத வேளை இல்லை.

டீக்கடையில் மட்டும் கேட்டார்கள், தம்பி இப்போது எப்படி இருக்கிறார் என்று.

"நானும் மீனவன்தான்னு இந்நேரம் சொல்லியிருப்பான்" என்றான். வயலில் பேசியதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை.

இரவல் மோட்டார் வந்த அன்றே அந்தத் தகரப் பலகையைப் பிடுங்கி, எழுத்து கீழே பார்க்கக் கவிழ்த்து, அதற்குக் கூரையாகப் போட்டிருந்தான். தம்பியின் பெயர் கடைசியில் அந்த மோட்டாருக்குப் பொறுப்பேற்றுக்கொண்டது, கையெழுத்து இல்லாமல்.