புதுசு மாதிரி ஆயிரும் என்றார்

கோபத்தை அடக்கிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது திரும்ப ஏறுகிறது.

என் மகள் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டவள். ஏன் வந்தாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். கொஞ்ச காலம் அழுதாள். பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி முன்னறையில் வைத்து, கல்யாண ரவிக்கைகளுக்கு எம்பிராய்டரி டிசைன் வரையக் கற்றுக்கொண்டாள். மயில், அன்னம், தாமரைக்கொடி எல்லாம் அவளாக யோசித்து வரைந்தவை. தையல் கடைக்காரர்கள் அதை வாங்கி மிஷினில் போட்டுத் தைக்கிறார்கள். பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் அவளைப் பார்த்துப் பாவம் என்று உச்சுக்கொட்டிய வாய்கள், இப்போது ரவிக்கைக்கு டிசைன் கேட்டு வாசலில் நிற்கின்றன. அவள் வரைந்த அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. வேறெங்கும் கிடையாது.

ஆயுத பூஜைக்கு என் மனைவி வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கத்தரிக்கோல், அரிவாள்மணை, என் சைக்கிள், கம்ப்யூட்டர், அதன் சின்னச் சின்னச் சாமான்கள் எல்லாவற்றுக்கும். எங்கள் வீட்டில் சாமிக்கு வைத்த பொருளை மறுநாள் விஜயதசமிப் பூஜை முடியும்வரை தொடமாட்டோம். கம்ப்யூட்டருக்கும் அதே வழக்கம்தான்.

மறுநாள் பூஜை முடிந்து மகள் சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகி, மேல் ஓரத்தில் வெள்ளையாக இங்கிலீஷ் எழுத்து வந்து அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாலும் அதேதான்.

“பூட் ஆகலப்பா” என்றாள்.

நான் பூட்டு என்று நினைத்துக்கொண்டு சாவி எங்கே என்று கேட்டேன். அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள். திரையில் என்னதான் எழுதியிருக்கிறது என்றேன். உள்ளே போட்டதை வெளியே எடுக்கச் சொல்கிறதாம். “நான் எதையும் போடலையேப்பா.” சி.டி. வைக்கும் தட்டைத் திறந்து காட்டினாள். காலி. அன்று சாயங்காலம் ஒரு கல்யாணப் பெண்ணின் டிசைன் தையல் கடைக்குப் போயாக வேண்டும். அதைப் பற்றிப் பேச ஒரு தையல்காரர் வருவதாக இருந்ததால் அவள் வீட்டில் இருந்தாள். நான் ஒயர்களைக் கழற்றி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆரப்பாளையம் போனேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரிப்பேர் கடை. கடைக்காரர் சுவிட்சைப் போட்டார், திரையை ஒரு பார்வை பார்த்தார், உடனே செல்லை எடுத்து யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார். பேசி முடித்ததும் அவர் கண்ணில் பட்டது பொட்டுகள்தான்.

“என்னண்ணே, கம்ப்யூட்டருக்குக் காதுகுத்தா? இம்புட்டுச் சந்தனம் அப்பியிருக்கீங்க. சாமி பாத்துக்கிரும்னா இங்க எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். காரியம் ஆக வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என்ன கோளாறு என்று கேட்டேன். விண்டோஸ் போய்விட்டது, ஃபார்மட் அடிக்க வேண்டும் என்றார். அடித்தால் சரியாகிவிடுமா என்றேன்.

“புதுசு மாதிரி ஆயிரும்ணே.”

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிறது. அழுக்குப் போகும், விளக்கு இருக்கும். நான் படித்த படிப்புக்கு அப்படித்தான் புரிந்தது. சரி தம்பி, செய்யுங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தையல்காரர் போயிருந்தார். ஃபார்மட் அடித்துப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறாராம் என்று மகளிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது.

“அப்பா, புதுசுன்னா காலி. நான் வரைஞ்சது ஒண்ணுகூட இருக்காதுப்பா.”

கடை நம்பரை நான் வாங்கி வரவில்லை. கிடைத்த ஆட்டோவில் ஏறினோம். மகள் திரும்பி வந்த புதிதில், நடந்ததெல்லாம் மறந்துவிட்டுப் புதுசா ஒரு வாழ்க்கையை ஆரம்பி என்று அவளுக்குச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அவள் எதையும் மறக்காமல், உட்கார்ந்து வரைந்தாள். அதையும் இப்போது ஒருவன் துடைக்கப் போகிறான், அதுவும் நான் தலையாட்டியதால். வழியெல்லாம் மீனாட்சியை வேண்டினேன் என்று எழுதினால் பொய். சண்டை போட்டேன். உனக்குப் படைத்து எடுத்த பொருளுக்கா இந்தக் கதி என்று கேட்டேன்.

நாங்கள் போனபோது கடைக்காரர் டீக் கிளாசோடு நின்றுகொண்டிருந்தார். வேலையை இன்னும் தொடங்கவில்லை. அந்த டீக்கு நான் கடன்பட்டவன்.

ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு தடவை போட்டு மட்டும் காட்டுங்கள் என்றாள் மகள். அதே எழுத்து வந்தது. வாய்விட்டுப் படித்தாள். பிறகு பெட்டியைச் சுற்றி வந்தாள். வீட்டில் அதன் முதுகு சுவரைப் பார்த்து இருக்கும். இங்கே மேஜைமேல் எல்லாப் பக்கமும் தெரிந்தது. பின்னால் ஒரு சந்தனப் பொட்டை நகத்தால் நெம்பினாள். பொட்டோடு நகத்தளவு பென்டிரைவ் ஒன்று கையில் வந்தது. நான் காலையில் ஸ்பீக்கரில் சாமி பாட்டுப் போடுவது அதில்தான். பூஜை முடிந்து சாமான்களை அதனதன் இடத்தில் வைத்த என் மனைவி, அது கம்ப்யூட்டரோடு சேர்ந்தது என்று நினைத்து அங்கே செருகியிருக்கிறாள். ஒயரைக் கழற்றும்போது நானும் பார்த்தேன். பொட்டு என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் அந்தப் பாட்டு பென்டிரைவுக்குள் போய் விண்டோஸைத் தேடியிருக்கிறது. எடுத்துவிட்டுப் போட்டதும் மளமளவென்று திறந்தது. மயில் வந்தது, அன்னம் வந்தது. மகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

கடைக்காரர் சிரித்தார். “நான்தான் அப்பவே சொன்னேன்லண்ணே. எல்லாம் உங்க பூஜை பண்ணுன வேலை.”

அதுவரை அடக்கியது போதும் என்று ஆகிவிட்டது.

“சந்தனத்தப் பாத்து நக்கலடிக்கத் தெரிஞ்சுச்சுல்ல. அதுக்கடியில என்ன இருக்குன்னு பாக்கத் தெரியலையா ஒனக்கு?”

“டேட்டா வேணும்னு நீங்க சொல்லலையேண்ணே.”

“நீ கேட்டியா? உள்ள ஒரு பொம்பளப் புள்ளயோட பொழப்பு இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டியாய்யா?”

“வாங்கப்பா போவோம்” என்று மகள் என் கையைப் பிடித்தாள். பெட்டியை என்னிடம் தராமல் அவளே தூக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் டிசைன் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், ஆட்டோவில் பேசிய பேச்சுக்கு அம்மன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்தக் கடைக்காரரை மன்னிக்க வேண்டுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அம்மன் இன்னும் உத்தரவு தரவில்லை. தரும்வரை நான் அவசரப்படப் போவதில்லை.