இரண்டு விரல் இடம்

பதினோரு வருஷமாக அது அவன் நெஞ்சில் முள்ளாகத்தான் கிடந்தது. அப்பா வேலை பார்த்த மில்லிலிருந்து கடைசிப் பணம் வந்தபோது, பட்டறைக்குத் தகடு மடிக்கிற மெஷின் வரும் என்று நம்பியிருந்தான். வந்ததோ தங்கச்சிக்குக் கம்ப்யூட்டர். அதுவும் சாதாரணமானது இல்லை, விளையாட்டுக் கம்ப்யூட்டராம். ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு. "படிப்புக்குத்தான்டா" என்றாள் அம்மா. படிப்பு முடிந்தது. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நீல விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவன் அவன். இன்றைக்கும் மரச் சுத்தியலால் தட்டித்தான் தகடு மடிக்கிறான். ஒவ்வொரு தட்டும் யார் மேல் விழுகிறது என்று அவனுக்குத் தெரியும்.

முன்னால் பட்டறை, பின்னால் இரண்டு அறை. பட்டறைக்கும் தங்கச்சியின் அறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவளுக்கு முப்பத்திரண்டு வயசு. இருபத்தாறில் கால் போயிற்று. அடிபட்டு இல்லை, நரம்பு நோய், கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற வகை. கால் முதலில், அடுத்து கை, அதற்கப்புறம் பேச்சு என்று டாக்டர் பஸ் ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டார். பகலில் ஒரு பார்சல் கம்பெனிக்கு விலாசம் டைப் அடித்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்காலியை மேஜையோடு ஒட்டிப் போட்டு, காதில் மைக் வைத்த ஹெட்போனை மாட்டினால் அவள் வேறு ஆள். அங்கே அவள் பெயர் கேப்டன்.

எட்டு ஊரிலிருந்து எட்டுப் பேர். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. யாருக்கு எந்தத் திருப்பத்தில் பயம் வரும், யார் கூப்பிடாமலே முன்னால் ஓடிச் சாவான் என்று பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பாள். "ஏய் அவசரக்குடுக்கை, நில்லு. நான் சொன்னப்புறம் போ" என்பாள். எங்கேயோ இருக்கிற ஒரு பாங்க் குமாஸ்தா பயந்து நிற்பான்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் இவன் சுத்தியலைப் போட்டால் அந்த எட்டுப் பேரும் திரும்பிப் பார்ப்பார்களாம், எதிரி எங்கிருந்து சுடுகிறான் என்று.

"அண்ணே, ஒரு மணி நேரம் சும்மா இரேன். நீ பேசினாலே லாரி ஏறி இறங்குற மாதிரி இருக்குன்னு பசங்க சிரிக்கிறாங்க."

"நான் சும்மா இருந்தா உன் பசங்களா வந்து சோறு போடுவாங்க?" என்பான். சுத்தியல் ஓயாது.

அந்த வருஷம் கம்ப்யூட்டர் திக்க ஆரம்பித்தது. அவள் குறி பார்ப்பதற்குள் அவளைச் சுட்டுவிடுகிறார்கள். அடுத்த மாசம் விளையாட்டின் புதுப் பதிப்பு வருகிறது, இந்தப் பழைய பெட்டி அதைத் திறக்கக்கூட திறக்காது என்றாள். அதே மாச ஆரம்பத்திலேயே பெரிய போட்டி. மோட்டார் வைத்த சக்கர நாற்காலிக்கு என்று டைப் அடித்துச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. அதை எடுக்கலாம் என்றாள்.

"உனக்குப் புத்தி இருக்கா? நாற்காலி வேண்டாமா?"

"நாற்காலி வாங்கினா வாசல் வரைக்கும் போவேன். வாசல்ல என்ன இருக்கு, உன் துருப்பிடிச்ச கதவு. இதுல நான் எட்டுப் பேரைக் கூட்டிட்டுப் போறேன்." தன் கையைப் பார்த்துக்கொண்டே, "கை இன்னும் ஆறு மாசம் வருமோ என்னவோ அண்ணே. இருக்கிறப்பவே விளையாடிக்கிறேன்" என்றாள்.

நாற்காலிப் பணத்தை எடுத்துக்கொண்டு அவனே கடைக்குக் கிளம்பினான்.

புதுசு வாங்குகிற அளவுக்குக் காசு இல்லை. பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடைக்காரர், "மூளை இன்னும் தாங்கும், மாத்த வேண்டாம். ரேம் ஒண்ணு சேர்த்துக்குங்க. படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டுதான் மாத்தணும்" என்று ஒரு பழைய கார்டை எடுத்து வைத்தார். அது தின்கிற கரண்டுக்குப் பெரிய பவர் சப்ளை ஒன்றும் சேர்ந்துகொண்டது. கையிலிருந்த காசைச் சுத்தமாகத் துடைத்தாயிற்று. வீட்டுக்கு வந்து கார்டை வைத்துப் பார்த்தால் பெட்டிக்குள் நுழையவில்லை. இரண்டு விரல் நீளம் கூடுதல். பெட்டியின் முன்பக்கம் ரிவெட் அடித்த ஒரு தகரக் கூடு இடித்தது.

அவனுக்குச் சந்தோஷம்தான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெட்டியில் அவனுக்குத் தெரிந்த வேலை ஒன்று வந்திருக்கிறது. "தகரம்தானே, நான் பார்த்துக்கறேன்."

"உள்ள எல்லாத்தையும் தாங்குற பெரிய போர்டை முதல்ல கழட்டி வெளில வை. ஒன்பது ஸ்க்ரூ."

"சரி சரி."

ஒன்பது ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டுகிற நேரத்தில் அவன் ஒரு கதவே செய்துவிடுவான். காரின் அடிப்பக்கம் தகடு வெட்டும்போது பொறி பட்டுக் கண்ணாடி பொரிந்துவிடாமல் ஈரச் சாக்குப் போட்டு மூடுவது பட்டறை வழக்கம். அதே மாதிரி ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து, போர்டு மேல் போர்த்தினான். தகடு வெட்டுகிற கிரைண்டரை எடுத்தான். வெட்டு நூல் பிடித்த மாதிரி வந்தது. சாக்கை எடுத்து, ஈரம் தெரிந்த இடத்தில் காற்றுக் குழாயை வைத்து அடித்தான். ஈரம் காய்ந்தது. இரும்புத் தூள் போகவில்லை. காற்று அதை இண்டு இடுக்கெல்லாம் ஊதித் தள்ளியிருந்தது. கார்டு இன்னும் அலமாரியில்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை சுவிட்சைப் போட்டான்.

பட்டென்று ஒரு சத்தம். அப்புறம் அந்த வாசனை. தடுப்புக்கு அந்தப் பக்கமும் போயிருக்க வேண்டும்.

"அண்ணே. போர்டைக் கழட்டினியா?"

"சாக்கு போட்டேன்."

"ஈரச் சாக்கா?"

"கார் கண்ணாடிக்குப் போடுவோமே."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அன்றைக்கு ராத்திரி, "உன் கோபத்தைப் பெட்டி மேல காட்டிட்டியா?" என்று பெண்சாதி கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். இல்லை என்று அவனுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

மறுநாள் செத்த போர்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்காரரிடம் போய் நின்றான். மூளையும் ரேமும் கூடவே போய்விட்டன. அவர் தூக்கிப் பார்த்து, "இதுல ஆணி அடிச்சீங்களா?" என்றார். இவனிடம் பணம் இல்லை. ஆனால் கடை முழுக்கச் சாமான் தரையில் குவிந்து கிடந்தது.

"நாப்பது தட்டு வெச்சு இரும்பு ஷெல்ப் அடிச்சுத் தரேன். எனக்கு ஓடுற போர்டு ஒண்ணு, அதுக்கு வேண்டியதெல்லாம் சேர்த்துக் குடுங்க."

"எத்தனை நாள் ஆகும்?"

"மெஷின் இருந்தா நாலு நாள். என்கிட்ட சுத்தியல்தான் இருக்கு. மூணு வாரம்."

"ஷெல்ப் வரட்டும், போர்டு தரேன்" என்றார்.

நாற்பது தட்டுக்கு நான்கு பக்கம். நூற்று அறுபது மடிப்பு. தட்டினான். இந்தத் தடவை தட்டு யார் மேலும் விழவில்லை, அவன் தோள்பட்டை மேல்தான் விழுந்தது. இரண்டாவது வாரத்தின் முடிவில் போட்டி வந்தது. கேப்டன் இல்லாமல் அந்த எட்டுப் பேர் ஆடி, முதல் சுற்றிலேயே வெளியே வந்தார்கள். தங்கச்சி அதைச் சொன்னபோது பாலிதீன் குழாயில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரைப் பிடித்திருந்தது அண்ணி.

மூன்றாவது வாரம் பெட்டி ஓடியது. ஒன்பது ஸ்க்ரூவையும் அவனே முடுக்கினான். கார்டு அந்த இரண்டு விரல் இடத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. திரையில் புல் அசைவது தெரிந்தது, தண்ணீரில் வெயில் தெரிந்தது. ஒரு திக்கல் இல்லை. அவள் மவுஸ் மேல் கையை வைத்தாள். ஆள்காட்டி விரல் இறங்கவில்லை. மறுபடி முயன்றாள். கை வழுக்கி மேஜை ஓரத்துக்குப் போனது.

ஆறு மாசம் வருமோ என்னவோ என்றிருந்தாள். அது மூன்று வாரத்தில் முடிந்தது.

"நல்லா வெட்டியிருக்கே அண்ணே" என்றாள். "பிசிறே இல்ல."

அதற்கப்புறம் அவள் விளையாடவில்லை. வேறு ஒருத்தனைத் தன் இடத்தில் போட்டு, பார்வையாளராக உள்ளே போய் எல்லாரையும் பார்த்து, வாயால் ஆட்டத்தை நடத்தினாள். ஐந்து மாசம் நடத்தினாள். ஜெயித்தும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவான். யாரும் சொல்லி அல்ல.

பிறகு டாக்டர் சொன்ன மூன்றாவது ஸ்டாப் வந்தது. சத்தம் மெலிந்தது. "கேப்டன், கேக்கல" என்று ஹெட்போனில் கத்தினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால், தடுப்பை விரல் முட்டியால் தட்டக்கூட முடியாமல் அண்ணியை விட்டுக் கூப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு போனான். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. அவன் காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவள் அவனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்.

"மைக்கை நீ மாட்டிக்கோ. நான் சொல்றதை அப்படியே பசங்களுக்குச் சொல்லு. சொந்தச் சரக்கு சேர்க்காதே. உன் லாரிச் சத்தத்துலயே சொல்லு, அண்ணே."