அக்கா நடத்தாத கடைசி அங்கம்

என் அக்கா பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறாள். அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். ஹெட்மாஸ்டர் இருமினால்கூட எழுந்து நிற்பாள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். ஒரே வீட்டில் அக்காவும் தங்கையுமாக எப்படித்தான் காலம் தள்ளுகிறோமோ, தெரியவில்லை.

பாடத்தில் ஒரு பழைய காதல் நாடகம் உண்டு. இரண்டு குடும்பத்துக்கும் ஜென்மப் பகை, நடுவில் ஒரு பையனும் பெண்ணும். காதல் வசனத்தை ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் வாசிக்கச் சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று அக்காவுக்குப் பயம். அதனால் காதலன் பேசுவதை இடது பக்கப் பையன்கள் மொத்தமும், காதலி பேசுவதை வலது பக்கப் பெண்கள் மொத்தமும் சேர்ந்து வாசிப்பார்கள். ‘உன்னைப் பிரிந்து எப்படி வாழ்வேன்’ என்று இருபது தொண்டைகள் கத்தினால் எப்படி இருக்கும்? காய்கறிச் சந்தை தோற்றுப்போகும்.

கடைசி அங்கத்தை மட்டும் அவள் நடத்தவே மாட்டாள். அதில் காதலர்கள் இருவருமே செத்துப்போகிறார்கள். பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வராது. கேள்வி வராத பக்கத்தைப் பிள்ளைகள் புரட்டியும் பார்க்கமாட்டார்கள். அந்தத் தைரியத்தில், “ரெண்டு பேரும் வேற ஊருக்குப் போய் நல்லா இருந்தாங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். எத்தனையோ வருஷமாக இதே பொய்தான்.

போன சனிக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். அக்காவின் வகுப்புப் பெண் நின்றிருந்தாள். காலில் செருப்பில்லை. முகம் வெளுத்திருந்தது.

“மிஸ், நானும் அவனும் இன்னைக்கு ஊரை விட்டுப் போறதா இருந்தோம்” என்றாள். அவன் என்றால் அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் பையன். “சித்தப்பா என் போனைப் பாத்துட்டார். ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டார். அவனைக் கொன்னுடுவார் மிஸ்.”

“அவனுக்கு போன் பண்ணேம்மா” என்றேன்.

“யாரும் தேடக்கூடாதுன்னு நேத்தே அணைச்சு வச்சுட்டான். நான் நேத்து கடைசி அங்கத்தைப் படிச்சேன் மிஸ். அப்பவே போகவேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். அவன் படிக்கல. நீங்க சொன்னதை நம்பி அங்க நிக்கிறான். நீங்க கூப்பிட்டாதான் வருவான்.” பிறகு வந்த தெருவைத் திரும்பிப் பார்த்தாள். “அம்மாதான் எங்க வீட்டுப் பின் கதவைத் திறந்துவிட்டாங்க. நான் உடனே திரும்பிப் போகணும்.”

அவள் ஓடிவிட்டாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தலையை ஆட்டினாள். “வண்டிய எடு” என்றாள். அவள் குரலா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஸ்கூட்டரில் என் தோளை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் பிழைக்கமாட்டாள் என்று தோன்றியது.

பஸ் ஸ்டாண்டில் பையன் கழிப்பறைச் சுவர் ஓரமாகப் பையோடு நின்றிருந்தான். அக்கா நேராகப் போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் பஸ்களுக்கு நடுவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் அந்தச் சித்தப்பா. அவருக்குப் பையனின் பெயர் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. அதுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

“டீச்சர், நம்ம ஸ்கூல் பையன் எவனாவது பையோட இங்க சுத்துறானா?” என்றார். கண் பையன் மேலேயே இருந்தது. “இது யாரு?”

“என் தங்கச்சி பையன். ஊர்லேருந்து இப்பதான் வந்து இறங்கினான்” என்றாள் அக்கா.

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. நின்ற இடத்தில் பதினேழு வயதில் ஒரு பிள்ளை பிறந்துவிட்டது. சும்மா இருக்க முடியுமா? “எத்தனை தடவை சொல்றது, இறங்கினதும் போன் பண்ணுன்னு? எருமை. பையக் கொடு இப்படி” என்று பிடுங்கினேன். பையன் பேந்தப் பேந்த விழித்தான். திட்டு வாங்கும் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான் விழிப்பார்கள். சித்தப்பா எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு டிக்கெட் கவுண்டர் பக்கம் போனார்.

வண்டியில் மூன்று பேராக ஏறி நாலு தெரு தள்ளி நிறுத்தினேன். பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அவ வந்துடுவா மிஸ், என்னை விடுங்க” என்றான் பையன். “நாங்களும் அவங்க மாதிரி வேற ஊருக்குப் போயிடுவோம்.”

“அவங்க எங்கயும் போகலப்பா. ரெண்டு பேரும் செத்துட்டாங்க.”

“நீங்கதானே சொன்னீங்க.”

“பொய் சொன்னேன். உங்க மூஞ்சியப் பாத்து அதச் சொல்ல எனக்குப் பயம்.”

பையன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“அவ அதப் படிச்சாளா மிஸ்?”

“படிச்சா.”

“அதான் வரலையா?”

“அதான் என்னை அனுப்பினா” என்றாள் அக்கா.