மரைக்குக் குண்டு தேர்ந்த சேவியர் அண்ணர்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் கிரெய்கிபர்னில், துப்பாக்கிக் கடையொன்றில் குண்டுப் பெட்டியுடன் நின்ற நான், எதற்கும் சேவியர் அண்ணரைக் கேட்டுவிடுவோம் என்று கைபேசியில் அழைத்தேன். அவருடைய மனைவி றீற்றா அக்காதான் எடுத்தார். "தம்பி, அவர் விடிய நித்திரையிலேயே போயிட்டார்" என்றார். பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மன்னாரில் பிறந்த அண்ணர் இங்கே பாண் ரொட்டித் தொழிற்சாலையில் என்னுடன் வேலை செய்தார். விடுமுறைகளில் மலைக்காட்டுக்கு மரை என்னும் கடமான் வேட்டைக்குப் போவார். இங்குள்ள மரைகளின் மூதாதையர் சில இலங்கையிலிருந்து வந்தவை என்று எங்கோ படித்திருந்தார். "உன்னைப் போலக் கப்பலில வந்ததுகள். மரியாதையாச் சுட வேணும்" என்பார்.

மரியாதை என்றால் அவருக்குச் சரியான குண்டு. தேநீர் இடைவேளையில் ஒரு பாணை நிறுத்தி, விரலால் குத்திக் காட்டுவார். நரிக்குச் செய்த குண்டு தோளெலும்பில் பட்டதும் சிதறிவிடும். மிக இறுகியது ஊசிபோல் ஊடுருவிப் போய்விடும். இரண்டிலும் மரை காயத்தோடு ஓடும். "உள்ள போய் விரிய வேணும், ஆனா உடையக் கூடாது." மேற்பார்வையாளர் ஒருமுறை பிடித்தபோது, பாணின் தரத்தைச் சோதிப்பதாகச் சொல்லித் தப்பினார்.

இந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. வேட்டைக்குப் போன முதல் வருடம், பிழையான குண்டால் ஒரு மரையைக் காயப்படுத்திவிட்டார். இரண்டு நாள் தேடி, கண்டுபிடித்து, அதன் வேதனையை முடித்துவிட்டே திரும்பினார். அதற்குள் தேவாலயத்தில் மகளின் முதல் நன்மைச் சடங்கு முடிந்துவிட்டது. றீற்றா அக்கா ஒரு மாதம் பேசவில்லை. அந்த அமைதியில்தான் குண்டுகளைப் பற்றி முழுக்கப் படித்ததாக அண்ணர் சொல்வார்.

என்னை முதன்முதலாகக் கூட்டிப்போன அன்று, அறுபது அடி தூரத்தில் பெரிய கொம்பன் மரையொன்று பக்கவாட்டில் நின்றது. குறிவைத்தேன். என்ன குண்டு என்று காதுக்குள் கேட்டார். மலிவாகக் கிடைத்தது என்றேன். உடனே பலமாக இருமினார். மரை போய்விட்டது. வீடு வரும்வரை நான்கு மணிநேரம் நான் வாய் திறக்கவில்லை. அவர் நான்கு மணிநேரமும் குண்டுகளைப் பற்றியே பேசினார்.

அடுத்த வருடம் அவர் தெரிவுசெய்து தந்த குண்டால் சுட்டேன். மரை இருபது அடி போகவில்லை. அண்ணர் தொப்பியைக் கழற்றி, மாதாவுக்கான 'அருள் நிறைந்த' மந்திரம் சொன்னார். பிறகு, "பார்த்தியா?" என்றார்.

அடக்கத்தின்போது றீற்றா அக்கா என் பக்கம் சாய்ந்து, "இருபது வருஷமா வேட்டைக்குப் போனவர், மொத்தம் எத்தனை மரை சுட்டவர்?" என்று கேட்டார்.

"ரெண்டு, அக்கா."

கையில் மண்ணோடு, கறுப்புச் சேலைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாதிரியார் அழுகையென்று நினைத்துச் செபத்தை நிறுத்தினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்ணைத் தூவினார். நானும் தூவினேன்.

போயிட்டு வாங்கோ, அண்ணை.