கழுத்து வரை தண்ணீர்

சின்ன வயதில் நான் யாரையும் நம்பமாட்டேன். அக்காவைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பமாட்டேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை ஷெட்டில் வேலை பார்த்த அப்பா, ஒரு கோடை லீவில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி வந்தார். பத்தாவது எழுதியிருந்த அக்காவும் ஆறாவது முடித்திருந்த நானும் அதற்கு அடித்துக்கொண்டோம். தெருவே கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ராக்கெட் விட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

“யாரு பாட்டிலு கூரையத் தாண்டுதோ, அவங்களுக்குத்தான் சைக்கிளு” என்றார் அப்பா.

தீயும் கிடையாது, மருந்தும் கிடையாது. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, டியூப் வால்வு செருகிய ரப்பர் கார்க்கால் இறுக்கி அடைத்து, செங்கற்களுக்கு நடுவே தலைகீழாக நிறுத்த வேண்டும். சைக்கிள் பம்பால் அடிக்க அடிக்க, உள்ளே நெருக்குண்ட காற்று கார்க்கைத் தள்ளும். தண்ணீர் கீழே பீச்ச, பாட்டில் மேலே பாயும்.

“மூணுல ஒரு பங்கு ஊத்துடா, போதும். காத்துக்கு எடம் வேணும்” என்றாள் அக்கா.

போட்டிக்கு நிற்பவள் எதற்கு யோசனை சொல்கிறாள்? ஷெட்டில் அச்சுக்குள் மண்கூழைக் கழுத்து வரை ஊற்றாவிட்டால் பொம்மை அரைகுறையாக வருவதை நான் பார்த்தவன். அவள் திரும்பிய நேரம் கழுத்து வரை நிரப்பினேன். பம்பு அடித்ததுமே கார்க் கழன்றது. பாட்டில் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டுச் சாய்ந்தது.

அக்காவுடையது கூரையைத் தாண்டிப் பக்கத்து வீட்டு முருங்கையில் போய்ச் சிக்கியது.

“உள்ள என்னமோ வெச்சிருக்காப்பா!”

“ஆமாண்டா, ஒன் மூளைய வெச்சேன். எடையே இல்லாம ஜிவ்வுனு போயிடுச்சு.”

அப்பா சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. என் பாட்டிலில் அளவாகத் தண்ணீர் பிடித்து, கார்க்கை இறுக்கி, பம்பை என் கையில் திணித்தாள். “இப்ப அடி.”

அதுவும் தாண்டியது.

“அவனே வெச்சிக்கட்டும்பா. ஷெட்டுக்கு நான் ஒங்க கூடவே நடந்து வந்துடுவேன்.”

அப்பா பம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் ஓடிப்போய் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். சும்மா கொடுக்கிறாள் என்றால் வண்டியில் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. ஷெட்டு வழியாகத்தான் போவேன். அக்கா உள்ளே உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருப்பாள். வீட்டுப்பாடம் இல்லை, பரீட்சை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மொத்தமாக மட்டம் போட இப்படி ஒரு வழி இருப்பதை எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டாளே என்று, வெகுநாள் அவள்மேல் சந்தேகத்தோடுதான் பெடல் மிதித்தேன்.