தண்ணீருக்கு நடுவே ஒரு கழி

அண்ணனூரில் ரயிலில் எருமைகள் அடிபட்டு மூன்று நாள் தெருவே நாறிக் கிடந்ததே, அதற்கு அடுத்த மழைக்காலம். தொண்ணூறுக்கு முன்னால்தான். நான் திருநின்றவூர் ஏரியில் மண் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் நடவு, அறுப்பு. வெள்ளானூர்ப் பக்கம் வயலெல்லாம் மனையானதும், நாற்று நட்ட இடத்துக்கே மண் கொண்டுபோய்க் கொட்டினோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். வெட்டி முடித்த குழியின் ஓரத்தில் சவுக்குக் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவோம். ஏரி நிரம்பினால் குழி தெரியாது, கழி தெரியும். கடைசி லோடு ஏற்றுகிறவன் நட வேண்டும். ஒரு நாள் கடைசி ஆள் நான். நல்ல நேரான கழி. என் கொட்டகைக்கு முட்டுக் கொடுக்க ஆகுமென்று லாரியில் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே மழை. ஊரில் போர்டு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். கடைப் பலகை, லாரிக்குப் பின்னால் ரோஜாப்பூ எல்லாம் அவர் கைதான். அவர் மனைவி ஏரிக்குத் துணி துவைக்கப் போனாள். துவைக்கும்போது கைநழுவிய சேலையைப் பிடிக்க இரண்டடி உள்ளே வைத்தாளாம், நாங்கள் வெட்டிய குழி. அவ்வளவுதான்.

மறு வருஷம் சலூன் சுவரில் அவர் ஏரி வரைந்தார். கடைக்காரர் கேட்டது அருவி. இவர் வரைந்தது அசையாத தண்ணீர், கரையில் பனை, ஒற்றைக் கொக்கு. பார்த்தால் கண் குளிரும். நடுவில் சிவப்புத் துணியோடு ஒரு கழி. முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்த எனக்கு, எதிர்க் கண்ணாடியில் அது தெரிந்தது.

“இன்னா அண்ணாத்தே, சொம்மா கீற தண்ணில கொம்ப நட்டு வச்சிக்கீற? மீனுங்கோ கொடி ஏத்தப் போவுதா?” என்று சிரித்தார் கடைக்காரர்.

போர்டுக்காரர் சுவரிலிருந்து பிரஷை எடுக்காமலே சொன்னார். “அங்க இருந்திருக்கணும் மாமே. எவனோ நட மறந்துட்டான். அதான் நான் நட்டுக்கினு கீறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீகூட ஏரிலதான மண்ணு வெட்டிக்கினு இருந்த? யார்னு தெரியுமா நைனா?”

“தெரியாது அண்ணாத்தே.”

அந்தக் கழி என் கொட்டகையில் பல வருஷம் நின்றது.

சலூனை இடித்துவிட்டார்கள். அவர் பூந்தமல்லியில் மகள் வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. எனக்கு எழுதத் தெரியாது, நான் சொல்ல நீங்கள் எழுதுகிறீர்கள். அந்தப் பக்கம் போனால் அவரிடம், அவர் இல்லையென்றால் மகளிடம், சொல்லிவிடுங்கள். யாரும் மறக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனேன்.